ரெட்டைக்குழலுக்கு ஒரு கட்டை

எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அதை வைத்து எதையும் சுட முடியாது. துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது. சுடுவதற்கென்று சட்டம் எங்களுக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பண்ணையம். மயில் வந்து தக்காளியைக் கொத்துகிறது. அது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானையோடும் புலியோடும் சரிக்குச் சரி உட்கார்ந்திருக்கிறது. சட்டம் விட்டாலும் அப்பத்தா விடமாட்டார், மருதமலை முருகனுடைய வாகனம். காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசாணை வந்தபோது, பெரியப்பா துப்பாக்கியை எடுத்து எண்ணெய்கூடப் போட்டுவிட்டார். அப்புறம்தான் முழுதாகப் படித்தோம். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது; ஒன்றிலிருந்து மூன்று வரை பிடிக்கலாம்; மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறைக்காரர்தான் சுட வேண்டும். எங்கள் வரப்பில் நின்று வெற்றிலை துப்பினால் காப்புக்காட்டில் விழும்.

ஆக, அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கிவைத்த அந்த 12 போர் ரெட்டைக்குழல் இரண்டு காரியத்துக்குத்தான் பீரோவை விட்டு வெளியே வரும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க. போன ஆயுத பூஜையில் மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், பையனின் லேப்டாப் ஆகியவற்றோடு அதையும் சுவரோரம் சாத்தியிருந்தோம். பொரிகடலைத் தட்டை எடுக்கக் குனிந்த என் மச்சான், எழும்போது முழங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டினார். சிமெண்டுத் தரையில் விழுந்து, விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் கழுத்தில் கட்டை இரண்டாகப் பிளந்தது. மச்சான் தட்டை மட்டும் விடவில்லை.

குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டையை மாற்றினால் போதும். 'போதும்' என்று நான் நினைத்ததுதான். ஒறம்பரை அப்படி நினைக்கவில்லை.

பெரியப்பா தேக்கு என்றார். எங்கள் பக்கம் மரம் என்றாலே தேக்குதான், அதுவும் டாப்சிலிப் தேக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலை மரமெல்லாம் கப்பலுக்குப் போனது, மொட்டையாகக் கிடந்த மலையில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி திரும்ப வளர்த்தது, அவர் சமாதி இன்னமும் அங்கேயே இருப்பது வரைக்கும் சொல்லிவிட்டு, "கப்பலுக்கே தாங்குன மரம்டா, துப்பாக்கிக்குத் தாங்காதா?" என்று முடித்தார். வீட்டுக் கதவு செய்த ஆசாரி தலையை ஆட்டினார். "தேக்கு தண்ணிக்கும் கரையானுக்கும் நிக்குமுங்க. பின்னால உதைக்கிற சாமானுக்கு நிக்காதுங்க, வெடிச்சுரும்." அப்படியானால் ஈட்டி மரம் என்றார் சின்ன அத்தை. ஈட்டி கனம், அது மட்டுமில்லை, அதற்கு வனத்துறைக் கெடுபிடியும் உண்டு. ஒரு துப்பாக்கிக்கு இருக்கும் லைசென்ஸ் போதாதென்று கட்டைக்கும் தனியாக ஃபைல் திறக்க எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். மதராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டனில் பயிற்சி எடுத்து, ஓய்வுக்குப் பிறகு திருப்பூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு உலகத்தில் ஒரே ரைபிள்தான்: எஸ்.எல்.ஆர். 1962-இல் சீனாக்காரனிடம் அடிபட்டபோது நம் ஆட்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய பழைய .303. அதற்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்துகொடுத்த 7.62 எஸ்.எல்.ஆர். தானே அடுத்த ரவுண்டை ஏற்றிக்கொள்ளும். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு, மேகசினில் இருபது. சித்தப்பா இதைச் சொல்லும்போது வலது தோள் தன்னால் ஒரு இஞ்ச் முன்னால் வரும்.

"அதோட கட்டை வெறும் கட்டை இல்ல தம்பி. உள்ளுக்குள்ள ஸ்பிரிங் ஓடுது. உன்ற மச்சான் அதைத் தட்டியிருந்தா துப்பாக்கியே வேலை செய்யாது."

"நம்முளுதுல ஸ்பிரிங் இல்லைங்களே சித்தப்பா?"

"அதத்தான் சொல்றேன். அந்தக் காலத்துல மரத்த நம்பி ஸ்பிரிங்க உள்ள வச்சான். அப்புறம் இன்சாஸ் ரைபிள் வந்துச்சு, பூராப் பிளாஸ்டிக்கு. மழையில ஊறாது, வெயில்ல வளையாது. ஆனா கன்னத்த வச்சா யாரோ மாதிரி இருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா பையனுக்குப் பொறுக்கவில்லை. அவன் கருப்புப் பிளாஸ்டிக் கட்சி. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து காரண்ட் ரைபிளுக்குக்கூட வால்நட்டில், அடுக்குப் பலகையில், பச்சையும் காவியும் திட்டுத்திட்டான பிளாஸ்டிக்கில் என்று விதவிதமாகக் கட்டை விற்கிறார்களாம். வீட்டில் உட்கார்ந்தபடி தபாலில் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஸ்குரு டிரைவரால் மாட்டிவிடுவார்களாம். நம் நாட்டில் அந்த மாதிரி ரைபிள் சாதாரண ஆளின் கைக்கு வராது. தன் ஆயுசில் தொடப்போகாத துப்பாக்கிக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்று அவன் அரை மணி நேரம் பேசினான். ஜாதகம் பார்த்த அனுபவம் உள்ள குடும்பமாதலால் எல்லோரும் பொறுமையாகக் கேட்டோம்.

இதற்குள் நான் கோயமுத்தூர் புத்தியைக் காட்டிவிட்டேன். இந்த ஊரில் எந்தச் சாமானைக் கொண்டுபோய் "இது மாதிரி வேணும்" என்றாலும், "என்னது இது?" என்று யாரும் கேட்பதில்லை, "எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். உடைந்த கட்டையைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் வரைந்து, கணபதியில் பம்புக்கு மரப் பேட்டர்ன் செய்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதற்காக நூற்றுக்கு ஒரு பங்கு கூட்டியே செதுக்கிப் பழகிய கை. வரைபடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுருக்கம் சேத்தணுங்களா?"

"இல்லைங்க, மரமாவே வேணும்."

"எத்தனை எண்ணம்?"

"ஒண்ணுதானுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "அம்பதுன்னாப் போட்டுக் குடுத்தரலாம். எந்த கம்பெனி மோட்டாருக்குங்க இது, கைப்பிடியா?"

துப்பாக்கி என்று சொன்னதும் வரைபடம் என் சட்டைப் பைக்கே வந்துவிட்டது. அவர் பயந்ததில் நியாயம் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். ஆசாரியிடம் இதைச் சொன்னபோது அவர் உளியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதற்குமேல் துப்பாக்கி இருந்த அறைக்குள்ளேயே வரவில்லை. உடைந்து கிடப்பது அடுப்புக்கு ஆகும் விறகா, ஆயுதமா என்று அப்பத்தா கேட்டதற்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

கடைசியில் டவுனில் லைசென்ஸ் உள்ள ஒரு பழைய ரிப்பேர்க் கடைக்கு, உரிமப் புத்தகத்தோடும் பெரியப்பாவோடும் போனேன். கடைக்காரர் எழுபது தாண்டியவர். மரம் எது என்று நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "வால்நட்" என்றார். லேசு, உதையைத் தாங்கும், குளிருக்கும் வெயிலுக்கும் அவ்வளவாகக் கோணாது. ஸ்ரீநகர் ரைனாவாரியில் துப்பாக்கிக் கொல்லர்களுக்கென்றே ஒரு மொஹல்லா உண்டு. பக்கத்திலேயே வளர்கிற மரம் என்பதால் காஷ்மீர்த் துப்பாக்கிகளுக்கு அதுதான். அரைகுறையாக அறுத்த ஒரு கட்டையை எடுத்து, கழுத்து வருகிற இடத்தில் நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். ரேகை அந்த இடத்தில் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மச்சான் தேவையில்லை, இரண்டாவது தோட்டாவே உடைத்துவிடும்.

பிறகு என்னைச் சட்டைக்கு அளவெடுப்பதுபோல நிற்க வைத்தார். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை டேப் பிடித்தார். பதினாலு இஞ்சுக்குச் சற்றுக் கூட. உடைந்த கட்டையைக் கழுத்தில் கயிறு சுற்றிக் குழலோடு சேர்த்துக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள், கன்னத்தை வைத்தபின் திறவுங்கள் என்றார். திறந்தேன். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடுகிற பட்டி என் கண்ணுக்கு நேராக வரவில்லை; ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

அவர் துப்பாக்கியைக் கவிழ்த்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் நோட்டம் பார்த்தார். வலக்கைக்காரனுக்குக் கட்டை வலப்பக்கம் நூல் அளவு சாய்ந்திருக்கும். இது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

"உங்க அப்பாரு பீச்சக்கையா?"

கடையில் அமைதி. பெரியப்பா மெதுவாக, சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் வலதுதான், ஆனால் பம்பரம் விடுவது, கல்லெறிவது, எங்களை அடிப்பது எல்லாம் இடது என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வேட்டைக்குத் தடை வராத காலத்தில், இருபது வயதில், ஒரு முயலை எட்டடித் தூரத்தில் கோட்டைவிட்டவர் அவர். குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அந்த முயல் ஒருமுறை ஓடாமல் சாப்பாடு முடிந்ததில்லை.

"கட்டை கோணல்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

யாரிடமும் சொன்னதாகச் சாட்சி இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் அன்னூர், அவிநாசி, கோபி வரைக்கும் போன் போய்விட்டது. என் அப்பா சுட்டுத் தவறிய கௌதாரி, சித்தப்பா பட்டாளத்துக்குப் போகுமுன் சுட்டுத் தவறிய தேங்காய் எல்லாமே மறுவிசாரணைக்கு வந்து, அனைவரும் விடுதலையானார்கள்.

கட்டை தயாராகச் சில மாதம் பிடித்தது. விளக்குக் கரியைத் தடவி, இரும்பை வைத்துப் பார்த்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, திரும்ப வைத்துப் பார்த்து அவர் பொருத்துகிற வேலையை அவசரப்படுத்த முடியாது. கடைசியில் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். என் அளவுக்கு, வலப்பக்கம் சாய்த்து. தோளில் வைத்தால் பட்டி நேராகக் கண்ணுக்கு வருகிறது. சுடத்தான் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை பழசு, அப்பாருவின் வியர்வை குடித்துக் கருத்தது. பின்கட்டை புதுசு, தேன் நிறம். "சட்டையும் வேட்டியும் வேற வேற வீட்டுது மாதிரி இருக்கு" என்றார் சின்ன அத்தை. பட்டாளத்தில் மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவோம் என்றார் சித்தப்பா. முன்கட்டைக்கு உதை அவ்வளவு படாது, அதனால் அதற்காவது தேக்கு போடலாம் என்று பெரியப்பா ஒரு பலகை பார்த்து வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறார்கள். மச்சானும் வருகிறார்; துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.