கூரை மேல் குடித்தனம்

கேள்வி: பிக்அப் வண்டியின் மேல் பொருத்திய கூடாரத்தை ஆண்டு முழுவதும் கழற்றாமலே வைத்திருக்கலாமா? (வெள்ளானூர் வாசகர்)

பதில்: வைத்திருக்கலாம், நவராத்திரி முடிந்த பின்னும் கொலுப்படியைக் கலைக்காத வீடுகளும் உண்டுதானே! ஆனால் ஏறத்தாழ 50 முதல் 70 கிலோ வரை எடையுள்ள இக்கூடாரத்தை வண்டி சுமந்து ஓடும்போது கூரை தாங்கக்கூடிய அளவு, அதாவது ‘இயக்கச் சுமை’, வண்டி நிற்கையில் உள்ளே ஆட்கள் உறங்கும்போது தாங்கக்கூடிய ‘நிலைச் சுமை’யைவிட மிகக் குறைவு என்பதால், இயக்கச் சுமையின் அளவை வண்டியின் கையேட்டில் பார்த்த பிறகே பயணத்தைத் தொடங்குவது நலம்.

வெள்ளானூரில் கூடாரத்திற்கு இரண்டு பகைவர் உண்டு. மே மாதத்து அக்கினி நட்சத்திர வெயிலின் புற ஊதாக் கதிர்கள் துணியின் இழைகளையும் தையல் நூலையும் நைந்துபோகச் செய்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஈரத்தோடு மடித்து மூடப்பட்ட மெத்தையோ இரண்டொரு நாளிலேயே பூசணத்திற்குப் புகலிடமாகி, கறுப்புப் புள்ளிகளோடும் ஊறிய சாக்கின் வாடையோடும் உரிமையாளரை வரவேற்கிறது. ஆகவே மழைவிட்ட முதல் வெயிலில் கூடாரத்தை முழுவதும் விரித்து, மெத்தையை வெளியே எடுத்து உலர்த்துவதும், தாங்கு சட்டத்தின் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும் தவிர்க்க முடியாதவை. கூடாரத்தைச் சுமந்து ஓடுவதால் ஆகும் கூடுதல் டீசல் செலவு தனி. ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பி, வண்டியின் புதிய உயரத்தை உரிமையாளர் மறந்தாலும் மறக்காது.