பணக்காரப் புருஷனைச் சந்தேகித்தல்: தெஹிவளைத் தொடர்மாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாகக் கலியாணம் முடித்த ஒருத்தி. வசதியான புருஷன். ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் பெரிய வீடு. அதிலே பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. முதலாவது விளம்பர இடைவேளை வருமுன்பே அவளுக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிடும். கடைசி இடைவேளை முடிந்ததும் அந்தச் சந்தேகம் சரிதான் என்று தெரிந்துவிடும். தொலைக்காட்சிக்கென்றே தயாரிக்கப்படும் இவ்வகைத் திகில் படங்களைத் தெஹிவளைத் தமிழ்க் குடும்பங்கள் இரவுச் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கின்றன. ஆயினும் தெஹிவளையிலேயே இப்படியொரு கதையை நடத்த முடியுமா? கட்டடக்கலை, ஒலியியல், மாமியியல் ஆகிய மூன்று துறைகளின் துணையோடு இவ்வாய்வு அவ்வினாவை அணுகுகின்றது.

இலக்கிய மீளாய்வு

இத்துறையின் மூலநூலாக, பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் பெரோ 1697இல் வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதையைக் கொள்ளலாம். பெரும் பணக்காரனான அவன் வெளியூர் புறப்படும்போது புது மனைவியிடம் வீட்டுத் திறப்புக்கோர்வையைக் கொடுக்கிறான். எல்லா அறையையும் திறக்கலாம், இந்தச் சின்னத் திறப்பை மட்டும் தொடாதே என்கிறான். அவள் திறக்கிறாள். உள்ளே முந்திய மனைவிமாரின் பிணங்கள். இவ்வாய்வாளரின் கவனத்தை ஈர்த்தது பிணங்களல்ல, திறப்பு. அந்த ஒன்றை மட்டும் கோர்வையிலிருந்து கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் கதையே இல்லை. பணம் உள்ள இடத்தில் புத்தி குறைவு என்ற முதலாவது பேறு இங்கே கிடைக்கிறது.

1938இல் டாப்னி டு மோரியர் எழுதிய ‘ரெபேக்கா’ நாவலை ஹிட்ச்கொக் 1940இல் படமாக்கினார். சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே அவர் ‘சஸ்பிஷன்’ எடுத்தார். அதிலே புருஷன் ஒரு கிளாஸ் பாலோடு மாடிப்படி ஏறுவான். பார்ப்பவர் கண் பாலைவிட்டு விலகக்கூடாது என்று கிளாசுக்குள் சின்ன விளக்கொன்றை வைத்துப் படம் பிடித்தார்கள். மூல நாவலில் அவன் கொலைகாரன்தான். படத்திலோ நல்லவனாகிவிட்டான். காரணம், நடித்தவர் கேரி கிராண்ட். புருஷன்மீதான சந்தேகம் சரியா பிழையா என்பதைச் சாட்சியமல்ல, கதாநாயகனின் சந்தை மதிப்பே தீர்மானிக்கிறது என்பது இரண்டாவது பேறு. மாடிப்படி ஏறி மனைவிக்குப் பால் கொண்டுபோகிற புருஷனைக் கண்டவுடனேயே தெஹிவளைப் பெண்கள் சந்தேகப்பட்டுவிடுவார்கள், விளக்கு வைக்கத் தேவையில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தமிழில் இத்துறை பிந்தித் தோன்றியது என்று எவரும் எண்ணவேண்டாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி, நாதகுத்தனார் செய்த பௌத்த காப்பியம். நமக்கு மிஞ்சியவை 19 செய்யுள்கள் மட்டுமே. கதையை நீலகேசி உரை காப்பாற்றித் தந்திருக்கிறது. வணிகர் வீட்டுச் செல்வமகள் பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்ட கள்வன் காளனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். பிறகொருநாள் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்லப் பார்க்கிறான். அவள் பதறவில்லை. சாகுமுன் உங்களை மும்முறை வலம் வந்து கும்பிட வேண்டும் என்கிறாள். வலம் வந்து, பின்னால் நின்று, தள்ளிவிடுகிறாள். ஹொலிவூட் நாயகி இருட்டில் ரோச் லைட்டோடு நிலவறைக்கு இறங்கி, கால் இடறி விழுந்து, கத்தி, கடைசியில் பொலிசாரால் காப்பாற்றப்படுகிறாள். நம் நாயகிக்குப் பொலிசும் தேவைப்படவில்லை, இரண்டாம் பாகமும் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு: இங்கே பணம் பெண்ணுடையது.

பணம் ஆணுடையதாக மாறிய தமிழ்ப் பிரதி 1978இல் வந்தது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. புடவைக் கடையில் வேலை செய்யும் ஸ்ரீதேவி, பெரிய தொழிலதிபர் கமல்ஹாசனைக் கட்டிக்கொண்டு பங்களாவுக்கு வருகிறார். தோட்டத்து ரோஜாக்கள் செழித்திருப்பதற்குக் காரணம் மாட்டெரு அல்ல என்பது பிறகுதான் தெரியவரும். வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில் இதைப் பார்த்தவர்கள், வீட்டு வாசல் ரோஜாச் செடியைச் சில நாள் தள்ளி நின்றே பார்த்தார்கள்.

தொலைக்காட்சி இவ்வகையைத் தொழிற்சாலைப் பண்டமாக்கியது. அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1969இல் வாரப் படம் என்றொரு நிகழ்ச்சி தொடங்கி, 90 நிமிட நேரத்துக்குள் விளம்பரத்தையும் கதையையும் அடைத்தது. இடைவேளைக்கு இடைவேளை ஒரு அதிர்ச்சி வேண்டும். காசு குறைவு, ஆகவே பெரும்பாலும் ஒரே வீடு. ஒரே வீட்டுக்குள் அதிர்ச்சி வேண்டுமானால் அங்கே உள்ளவனைத்தான் சந்தேகிக்க வேண்டும். புருஷன்மார் கெட்டுப்போனதற்குத் தயாரிப்புச் செலவும் ஒரு காரணம். இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, 1998இல் சக்தி என்று வழிகள் திறந்தன. பின்னர் டிஷ் அன்ரனா வந்தது. சந்தேகம் வீட்டுக்கு வீடு இறக்குமதியானது.

ஆய்வுக்களம்

தெஹிவளை–கல்கிசை மாநகர சபை எல்லைக்குள், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடிகளே களம். வெள்ளவத்தை வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களிடம் கேட்டால் வெள்ளவத்தை என்றே விலாசம் சொல்வார்கள்.

கண்டறிதல் ஒன்று: பூட்டிய அறை

இவ்வகைப் படத்துக்குப் பூட்டிய அறை இன்றியமையாதது. தெஹிவளைத் தொடர்மாடியில் அறை இரண்டு, கூடினால் மூன்று. ஒன்றில் புதுத் தம்பதி, ஒன்றில் மாமன் மாமி, மூன்றாவது இருந்தால் அதில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்து மருமகன். மிஞ்சுவது குசினிக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம். அதைத் திறந்து பார்த்த விவரம் வருமாறு: கீரிச்சம்பா மூட்டை ஒன்று, வெறும் காஸ் சிலிண்டர் ஒன்று, கனடாவிலிருந்து வந்து திரும்பிப் போகாத சூட்கேஸ்கள், ஊரிலிருந்து வந்த ஒடியல் மாப் போத்தல், முந்திய வீட்டு யன்னல் திரைகள், பழுதான மேசை விசிறி, திருத்தலாம் என்று வைத்த இன்னொரு விசிறி. இவ்வறைக்குள் பிணத்தை ஒளிப்பது இருக்கட்டும், பிணமாகாதவர் ஒருவர் நிமிர்ந்து நிற்கவே இடமில்லை. நீலத்தாடிக்காரன் தெஹிவளையில் குடியிருந்திருந்தால் முதல் மனைவியோடேயே காலம் தள்ளியிருப்பான்.

கண்டறிதல் இரண்டு: ஒலி

படத்தில் புருஷன் நள்ளிரவில் தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசுவான். மனைவி கதவோரம் நின்று கேட்பாள். தெஹிவளையிலோ, ‘காரியம் முடிந்ததா?’ என்று அவன் கேட்கும் சரியான கணத்தில் கரையோரப் பாதையில் ரயில் போகும். மனைவிக்கு ஒன்றும் கேளாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அன்ரிக்கு எல்லாம் கேட்கும். அடுத்த நாள் காலை மீன்காரன் வரும்போது அது படிக்கட்டில் வைத்து அலசப்படும். சந்தேகம் என்பது ஒருத்தி தனியே சுமக்கும் பாரம் என்ற ஹொலிவூட் கோட்பாடு இங்கே முறிந்துபோகிறது. அவளுக்கு வருமுன்பே அது மூன்றாம் மாடி வரை போயிருக்கும்.

கண்டறிதல் மூன்று: மாமியியல்

மேற்படி தரவுகளிலிருந்து பின்வரும் சமன்பாடு பெறப்பட்டது.

ச = (ப × அ) ÷ மா

இங்கு ச என்பது ஆபத்தான சந்தேகம், ப புருஷனின் பணம், அ பூட்டிய அறைகள், மா கூப்பிடு தூரத்திலுள்ள மாமி, அன்ரி, அக்காமாரின் தொகை. மா பூச்சியத்தை அணுகும்போது ச முடிவிலியை அணுகும். அதுவே ஹொலிவூட். தெஹிவளையில் அ பூச்சியம், மா மிகப் பெரியது. எனவே ச இல்லையென்றே கொள்ளலாம். இங்கே புருஷன்மார் எல்லோரும் உத்தமர் என்று இதற்குப் பொருளல்ல. கெட்டவனுக்கும் கெட்டித்தனத்தைக் காட்ட இடவசதி இல்லை, அவ்வளவுதான்.

கண்டறிதல் நான்கு: விசாரிப்பு

படத்து நாயகி கலியாணத்துக்குப் பிறகு துப்பறிகிறாள். நம்மவர் கலியாணத்துக்கு முன்பே துப்பறிந்துவிடுகிறோம். சாதகம் பொருந்தியதும் விசாரிப்புத் தொடங்கும். அதன் வீச்சுக்கு முன்னால் எந்தப் புலனாய்வுத் துறையும் நிற்காது. மாப்பிள்ளையின் பேரனார் எந்தக் கோயிலில் உபயகாரர், எந்தக் காணிக்கு வழக்குப் பேசினார் என்பது வரை இரண்டு தொலைபேசி அழைப்பில் வந்துசேரும். அவ்வாறான உரையாடல் ஒன்றின் மாதிரி:

“அக்கா, உங்கட பழைய பிளாட்டுக்குப் பக்கத்தில இருந்த ஆக்களின்ர பெறாமகன் லண்டனில எல்லோ?”

“ஓம், ஏன் பிள்ளை?”

“எங்கட சின்னவளுக்கு ஒரு பேச்சுக்கால் வந்திருக்கு. இடம் எப்பிடி?”

“இடம் திறம். சொந்த வீடாம், கார் ரெண்டாம்.”

“பொடியன் எப்பிடி?”

“அதைத்தானே சொல்லுறன், சொந்த வீடு.”

இவ்வாய்வின் மையத் தரவு இதுவே. ஞாயிறு பத்திரிகையின் மணமகன் விளம்பரமும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. உயரம், நட்சத்திரம், செவ்வாய் நிற்கும் இடம், நிரந்தர வதிவிட உரிமை, வீடு. இதைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையோடு ஒப்பிடலாம். அங்கே கூட்டுக்கு வெளியே மாட்டியிருக்கும் பலகையில் விலங்கின் வாழிடத்தோடு அதன் உணவும் பழக்கமும் எழுதியிருக்கும். மணமகன் விளம்பரத்தில் இம்மூன்றில் வாழிடம் மட்டுமே உண்டு.

ஆகவே படத்துக்கும் நமக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு புலனாகிறது. படத்தில் புருஷனின் பணமே முதலாவது தடயம்: இவ்வளவும் எங்கிருந்து வந்தது? நம்மிடத்திலோ பணம் என்பது கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழுக்கு மேலான நற்சான்றிதழ். பணக்காரப் புருஷனைச் சந்தேகிக்கும் கதையை நாம் தெஹிவளையில் எடுக்காததற்கு இடப்பற்றாக்குறை ஒரு காரணம். நமக்கு அவன்மேல் சந்தேகமே வராதது மற்றக் காரணம்.

பக்கக் குறிப்பு: கையொப்பம்

1944இல் வந்த ‘காஸ்லைட்’ படத்தில், மனைவி வீட்டிலுள்ள நகைகளுக்காகப் புருஷன், விளக்கு மங்குவதெல்லாம் அவளுடைய பிரமை என்று சாதித்து, அவளைப் பைத்தியமென்று நம்பவைக்கப் படாத பாடு படுவான். நம் சட்டம் அவ்வளவு சிரமம் வைக்கவில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை சீதனத்தைப் பெண்ணுடைய சொத்தாகவே மதித்தது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். விளக்கு மங்கத் தேவையில்லை. பேனாவை மூடி வைத்தாலே போதும்.

மட்டுப்பாடுகள்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தில் பார்க்கப்பட்ட படங்களின் முடிவுகள் தரவில் சேர்க்கப்படவில்லை. அக்காலத்துப் புருஷன்மார் பலர் இன்னமும் நிரபராதிகளாகவே இருக்கிறார்கள்.

முடிவும் பரிந்துரையும்

தெஹிவளைப் பெண்ணைக் காப்பது மூன்று: இடமில்லாத வீடு, சத்தம் தாண்டும் சுவர், விலகாத மாமிமார். ஆனால் தெஹிவளையில் பேசி முடிக்கும் கலியாணங்களில் எத்தனையோ, பெண்ணைக் கட்டுநாயக்காவில் விமானம் ஏற்றி முடிகின்றன. அவள் போய் இறங்கும் வீட்டில் நிலவறை உண்டு. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, வெளியே ஒரு சத்தம் போகாது. பக்கத்து வீட்டாரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. சமன்பாட்டில் மா பூச்சியமாகிறது. படத்தின் முதற் காட்சிக்கு வேண்டிய எல்லாவற்றையும் சீதனம் கொடுத்து நாமே அமைத்துக் கொடுக்கிறோம்.

எனவே இவ்வாய்வு மூன்றைப் பரிந்துரைக்கிறது. மணமகளின் கடவுச்சீட்டு எப்போதும் அவளுடைய கைப்பையில் இருக்க வேண்டும். அவள் பெயரில் தனி வங்கிக் கணக்கு ஒன்று, புருஷன் அறிய, இருக்க வேண்டும். மாப்பிள்ளையோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, கோபம் வந்தால் மாப்பிள்ளை என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். மணமகள் இங்கேயே இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதைச் சீர்வரிசைத் தட்டங்களோடு சேர்த்து அவளுக்குச் சொல்லி அனுப்புவது நல்லது.

விசாரிக்கும் அன்ரிமாருக்கு ஒரு வேண்டுகோள். பொடியன் எப்பிடி என்று கேட்டு, சொந்த வீடு என்று பதில் வந்தால் தொலைபேசியை வைத்துவிட வேண்டாம். அதே கேள்வியை இன்னொருமுறை கேளுங்கள்.