பாதிரியார் பந்தயக் குதிரையை விற்ற கதை

அமெரிக்காவில், கென்டக்கியின் லோகன் கவுண்டிக்கு அந்தக் காலத்தில் ‘போக்கிரித் துறைமுகம்’ என்றே பெயர். கொலைகாரர், குதிரைத் திருடர், கள்ளநோட்டுக்காரர் என எல்லோரும் தப்பி வந்து குடியேறிய புண்ணிய பூமி அது. 1785இல் வர்ஜீனியாவில் பிறந்த பீட்டர் கார்ட்ரைட் வளர்ந்தது அங்கேதான். பந்தயக் குதிரை, சீட்டுக்கட்டு, ஆட்டம் பாட்டம் என்று பையன் ஊருக்கேற்ற பிள்ளையாகத்தான் இருந்தான். 1801இல் மனந்திரும்பியதும் குதிரையை விற்கச் சொல்லிவிட்டு, சீட்டுக்கட்டை அம்மாவிடம் நீட்டினான். அந்தம்மா தாமதிக்காமல் அதை நெருப்பில் போட்டார். பிள்ளையின் மனசு மறுபடி திரும்பினால் என்ன செய்வது?

குதிரை மட்டும் அவரை விடவில்லை. மெதடிஸ்ட் சபை அவரை ஊர் ஊராகச் சுற்றும் ஊழியராக்கியது. சேணப்பையில் பைபிளும் பாட்டுப் புத்தகமும். சம்பளம் வருடத்துக்கு 80 டாலர், அதுவும் வசூலானால் உண்டு. அடைமழையில் வெளியே திரிவது காக்கையும் மெதடிஸ்ட் பாதிரியும்தான் என்று ஊரார் கேலி பேசினார்கள்.

கூட்டத்தில் கலாட்டா செய்தவர்களுக்கு முதலில் வசனம், கேட்காவிட்டால் குத்து. 1818இல் நாஷ்வில்லில் பிரசங்கத்தின் நடுவே, “ஜெனரல் ஜாக்சன் வந்திருக்கிறார்” என்று உள்ளூர்ப் பாதிரி இவரது கோட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். மனந்திரும்பாவிட்டால் ஜெனரலுக்கும் நரகம்தான் என்று ஊர் கேட்கச் சொன்னாராம் இவர். மறுநாள், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அந்த ஜாக்சனே பாராட்டினாராம். சொல்வது கார்ட்ரைட், நம்புவது நம் பாடு.

அடிமைமுறை பிடிக்காமல் 1824இல் இல்லினாய்ஸ் போனவர், அங்கே அரசியலிலும் இறங்கினார். 1832இல் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தார். தோற்றவர்களில் ஆபிரகாம் லிங்கன் என்றொரு ஒல்லி இளைஞன். 1846இல் இருவரும் அமெரிக்கக் காங்கிரசுக்கு மோதினார்கள். லிங்கன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று கார்ட்ரைட் தரப்பு ஊரெல்லாம் பரப்பியது. லிங்கன் துண்டறிக்கை அச்சிட்டு மறுத்தார்; ஜெயித்தும் விட்டார்.

1859இல் கார்ட்ரைட்டின் பேரன் கொலை வழக்கில் சிக்கினான். அவனுக்காக வாதாடிய வக்கீல்களில் லிங்கனும் ஒருவர். தாத்தா சாட்சி சொன்னார், பேரன் விடுதலையானான். ‘அவிசுவாசி, ஜாக்கிரதை’ என்று வாக்காளரை எச்சரித்தவர்களுக்கு, சொந்தப் பிள்ளையின் கழுத்துக்குக் கயிறு வந்தபோது அந்த எச்சரிக்கை ஞாபகம் வரவில்லை.