போகும் முன்பே பார்த்த ஊர்

காரைக்குடிப் பக்கம் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் நாலடி வைப்பதற்குள் வெளிநாட்டை மிதித்துவிடலாம். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, இரண்டாங்கட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் எனாமல் சட்டி ஜப்பான். பெரிய வீடு இல்லாதவர்களுக்கும் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருந்தது. அதன் மூடியில் யாரோ ஒரு முன்னோரின் விலாசமும் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏதாவது ஓர் ஊர்ப்பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலும் தேடிப் பாருங்கள். வெளிநாட்டுக்குத் தொழில் செய்ய, எங்கள் பேச்சில் 'கொண்டுவிக்க', போனவர்களின் ஊர் இது. கடல் தாண்டுவது எங்களுக்கு அதிசயமாக இருந்ததில்லை. போன ஊர் எப்படியிருக்கும் என்பதுதான் போய் இறங்கும்வரை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை எவ்வளவு பெரிய சொத்து என்பது, அது கைவிட்டுப் போன இந்த நாளில்தான் எனக்கு உறைக்கிறது.

எங்கள் ஐயா சண்டைக்கு முந்தி, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி, பெட்டியடிப் பையனாகச் சிங்கப்பூர் போனவர். மார்க்கெட் தெருவில் கிட்டங்கி. நீள நெடுகக் கிடக்கும் ஒரே கூடம், ஒவ்வொரு கடை விலாசத்துக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு கைப்பெட்டி. பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. மேலாள், அடுத்தாள், சமையல்காரர் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். மூன்று வருஷக் கணக்கு முடியும்வரை ஊர்ப்பக்கம் திரும்ப முடியாது. பெண்டுபிள்ளைகளைக் கூட்டிப் போகவும் வழக்கமில்லை. சாயங்காலம் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில். 1859-ல் நகரத்தார் கட்டிய அந்தக் கோயில்தான் அவருக்குக் குன்றக்குடியும் பழனியும். சிறுபிள்ளையாக அவர் மடியில் உட்கார்ந்து "சிங்கப்பூர் எப்படி ஐயா இருக்கும்?" என்று கேட்டால், கிட்டங்கிச் சாப்பாட்டையும், வரவு செலவு நேராகாமல் விழித்திருந்த ராத்திரிகளையும்தான் சொல்லுவார். ஊரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: ஆத்துப் பாலத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும், அப்படி ஒரு வாடை என்பார். கிட்டங்கிக்கும் கோயிலுக்கும் நடுவில் இருந்த சிங்கப்பூரைத்தான் அவர் பார்த்தார். போன இடத்துக்கெல்லாம் ஊரையே சுருட்டி எடுத்துக்கொண்டு போன தலைமுறை அது.

1991-ல் ஒரு கணக்கர் வேலைக்கு நான் போனபோது கப்பல் இல்லை. ராஜுலாவுக்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே முடிந்துபோயிருந்தது. காரைக்குடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க மெட்ராஸுக்கு வந்து, மீனம்பாக்கத்தில் விமானமேறிப் போய் இறங்கினேன். ஐயா சொன்ன கிட்டங்கிகளைத் தேடி மார்க்கெட் தெருவுக்குப் போனால், வங்கிக் கட்டடங்களும் பல அடுக்குக் கார் நிறுத்தம் ஒன்றும் நின்றன. இப்போது அந்தக் கார் நிறுத்தத்தையும் இடித்துவிட்டு 51 மாடிக் கோபுரம் எழுப்பிவிட்டார்கள். ஆற்றங்கரையில் நின்று ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. 1977-ல் தொடங்கிப் பத்து வருஷம் முழுதாக மெனக்கெட்டு அந்த ஆற்றைச் சுத்தம் செய்து முடித்திருந்தார்கள். ஊர் முழுவதும் அதற்காக மகிழ்ந்திருக்கும். எனக்கு மட்டும், ஐயாவிடமிருந்து வந்த ஒரே ஒரு அடையாளமும் தண்ணீரோடு போய்விட்டதே என்றிருந்தது.

ஆனால் அந்த முதல் நாட்களின் திகைப்பு இருக்கிறதே, அதை எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன். முதல் நாள் விடியற்காலையில் பழக்கப்படி விழித்து, குளித்து, திருநீறு பூசி, சன்னலைத் திறந்தால் வெளியே கும்மிருட்டு. மணி ஆறு. ஆறரைக்கும் இருட்டு. கடிகாரம் நின்றுவிட்டதா, ஊரே தூங்கிவிட்டதா என்று பார்த்தால் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு பேருந்துக்கு நிற்கிறார்கள். ஏழு மணிக்குத்தான் சூரியன் எழுந்தான். சிங்கப்பூர் தன் கடிகாரத்தை மலேசியாவோடு சேர்த்து 1982 முதல் முன்னே தள்ளி வைத்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு, சூரியன்கூட வேறு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஊருக்கு வந்திருக்கிறோம் என்ற எண்ணம் எழுந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம் ஒவ்வொன்றும் சிலிர்ப்புதான்: ஆடிக்கும் மார்கழிக்கும் வித்தியாசமில்லாமல் பெய்த மழை, அது நின்ற மறு நிமிஷமே காய்ந்துவிடும் தெரு, ரயில் நிலையப் பலகையில் நாலு மொழிகளில் ஒன்றாக நம் தமிழ், பெயர் தெரியாமல் விரல் நீட்டி வாங்கிச் சாப்பிட்ட சீனக்கடைப் பழங்கள். எந்தப் பேருந்து எங்கே போகும் என்று தெரியாமல் ஏறி உட்கார்ந்து, கடைசி நிறுத்தம்வரை போய், அதே பேருந்தில் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எத்தனையோ ஊர்களைக் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் சிராங்கூன் ரோடு. 1947 முதல் அங்கே இருக்கும் கோமள விலாஸில் தோசை, பிறகு திடலில் கூட்டம். ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் ஓர் இடம். இந்த விளக்குக் கம்பத்தடி புதுக்கோட்டைக்காரர்கள், அந்த மரத்தடி பட்டுக்கோட்டைக்காரர்கள், கொஞ்சம் தள்ளி நம் திருப்பத்தூர், தேவகோட்டை ஆட்கள். ஊருக்குப் புறப்படுகிறவரைச் சுற்றித்தான் பெருங்கூட்டம் நிற்கும். அவர் கையில் கோடாரித் தைலம், சட்டைத் துணி, ஒரு கடிதம், மடித்த நோட்டு என்று ஆளாளுக்குத் திணிப்பார்கள். அவரும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, ஊருக்கு வந்து, வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அப்படிப் போய்வந்தவற்றில் ஒலிநாடாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. தொலைபேசியில் பேசுவதென்றால் முன்கூட்டியே கடிதத்தில் நாளும் மணியும் குறித்து, ஆத்தா பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த பூத்துக்கு வந்து காத்திருந்து, கிடைக்கும் மூன்று நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். ஒலிநாடாவில் அந்த அவசரம் இல்லை. ஆத்தா அதை ஓடவிட்டு முற்றத்தில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே பேசுவாள். பேச்சுக்கு நடுவே உரல் இடிக்கும், காக்காய் கத்தும், பக்கத்து வீட்டு ஆச்சி உள்ளே வந்து "யார்ட்டப் பேசுற?" என்று கேட்பாள், "சிங்கப்பூர்ல இருக்கிற புள்ளைட்ட" என்று ஆத்தா சொல்வாள், உடனே அந்த ஆச்சியும் குனிந்து "நல்லாச் சாப்பிடுப்பா" என்பாள். கொப்புடையம்மன் செவ்வாய்க்கு என்ன நடந்தது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, வெள்ளைப் பணியாரத்துக்கு இந்தத் தடவை அரிசி ஏன் சரியில்லை என்று ஒரு மணி நேரம் ஓடும். எட்டு மாடி உயரத்தில், கதவடைத்த அறையில், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். நடுவில் அவள் பேசாமல் இருந்த இடங்களைத்தான் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் என் தங்கை மகன் அதே ஊருக்குப் புறப்பட்டான். காரைக்குடியிலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம். மெட்ராஸுக்கு நான் ரயிலில் போன நேரத்தில் அவன் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்துவிடலாம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அவன் தங்கப்போகும் அறையை எங்கள் வளவில் உட்கார்ந்து நாங்கள் எல்லாரும் கைப்பேசியில் பார்த்துவிட்டோம். விமான நிலையத்தில் எந்த வாசலில் வெளியே வர வேண்டும், எந்தக் கடையில் கோப்பி நன்றாக இருக்கும், எந்த ரயில் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது மின்படிக்கு நேராக வரும் என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930-களில் காமிராவும் கையுமாக உலகத்தைச் சுற்றிவந்து எழுதியதைப் படித்துத்தான் எங்கள் ஊரில் பலர் வெளிநாட்டைக் கற்பனை செய்தார்கள். ஆனால் அவர் எவ்வளவு எழுதினாலும், போய்ப் பார்க்கிறவனுக்கென்று பாக்கி நிறைய இருந்தது. இவனுக்கு என்ன பாக்கி இருக்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. போய் இறங்கிய அன்றே படத்தோடு பேசினான். "எப்படிப்பா இருக்கு ஊரு?" என்று கேட்டேன். "வீடியோல பாத்த மாதிரியே இருக்கு அம்மான்" என்றான்.

ஒரு பக்கம் மனது கனத்தது. மறுபக்கம் தங்கையைப் பார்த்தேன். மகன் என்ன சாப்பிட்டான் என்பதைத் தட்டோடு பார்க்கிறாள், துவைத்த சட்டை காய்ந்ததா என்று கேட்கிறாள், நிம்மதியாகத் தூங்குகிறாள். என் ஆத்தா தபால்காரர் வரும் நேரத்தில் திண்ணையை விட்டு எழுந்ததே இல்லை. கடிதம் தாமதமான வாரங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை ஊர் திரும்பிய பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அந்த இடைவெளி எனக்கு இனித்தது, அவளுக்கு இனித்திருக்காது. ஆகையால் பழையது திரும்பி வரட்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் இரவு, வழக்கமான நேரம் இல்லாத நேரத்தில், அவனே கூப்பிட்டான். குரலில் பதற்றம். வேலை முடிந்து வந்தால், அவன் குடியிருக்கும் புளோக்கின் தரைத்தளத்தில் துணிப்பந்தல், வரிசையாக வட்ட மேசைகள், வெளிச்சம், பெரிய மாலைகள். ஒரு சீனப் பெரியவரின் படம் வைத்திருக்கிறார்கள், சவப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் அதே இடத்தில்தான் ஒரு மலாய்க் கல்யாணம் நடந்தது. "அம்மான், நம்ம புளோக்குல ஒருத்தர் இறந்திருக்காக. பாத்துட்டுப் பாக்காத மாதிரி லிஃப்டுல ஏறிட்டேன், மனசு கேக்கலை. நான் போகணுமா? எறங்கிப் போனா என்ன செய்யணும்? இது எதுலயும் சொல்லலையே!"

எனக்குச் சட்டென்று உற்சாகம் வந்துவிட்டது. போப்பா, என்றேன். படத்துக்கு முன்னால் நின்று கும்பிடு, வீட்டாருக்குத் தலையை அசை, உட்காரச் சொன்னால் உட்கார், கிளம்பும்போது சிவப்பு நூல் ஒன்று கொடுத்தால் வாங்கிக்கொள். போனான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். பெரியவரின் மகள் காகிதப் பெட்டிப் பானம் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாராம், பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர் அவனுக்குப் புரியாத சீனத்தில் நெடுநேரம் ஏதோ சொன்னாராம், இவன் தலையாட்டிக்கொண்டே இருந்தானாம், எத்தனை நாள் இப்படி வைத்திருப்பார்கள், ராத்திரி யார் கண்விழிப்பார்கள், காகிதத்தில் வீடு செய்து எதற்காக எரிக்கிறார்கள் என்று கேட்கக் கேட்க அவனுக்குக் கேள்வி வளர்ந்துகொண்டே போனது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், பாதி தெரியாது என்றும் சொன்னேன். சிங்கப்பூரைப் பற்றி அவன் என்னிடம் அரைமணி நேரம் விடாமல் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.