மீன் பிடிக்க ஜீப் எதற்கு?

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே வட கரோலினாவில், கேப் ஹாட்டரஸ் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போகிறவர்களைப் பார்த்தால் படையெடுப்பு என்றே நினைப்பீர்கள். வண்டியின் முன் பம்பரில் வரிசையாக ஆளுயரத்துக்கு மேல் கழிகள். மண்வெட்டி, ஜாக்கி, அதற்கு அடியில் வைக்கப் பலகை. இவை இல்லாமல் மணலில் இறங்கவே கூடாதாம். டயர் காற்றையும் 20 பவுண்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். எல்லாம் ரெட் டிரம் என்ற மீனுக்காக. நம் பன்னாவுக்குப் பெரியப்பா முறை. 1984இல் ஏவன் கிராமத்துக் கரையில் பிடிபட்டது 42 கிலோவுக்கு மேல். மீன் கூடும் பள்ளங்களோ ஒவ்வொரு புயலுக்கும் இடம் மாறும். ஆகவே ஜீப்பை வெறும் ஜம்பம் என்று தள்ள மாட்டேன். ஆனால் நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் ஓட்டுவோம் என்றால் அதற்கு என் ஓட்டு கிடையாது.

காரணம் சக்கரத் தடம். இங்கே முட்டையிடும் உப்புக்கொத்தி என்ற பறவையின் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். பொரித்த சில மணி நேரத்திலேயே இரை தேடி நீர் விளிம்புக்கு ஓடும். ஆபத்தென்றால் அசையாமல் பதுங்கிக்கொள்ளும். பருந்திடமிருந்து காப்பாற்றும் அதன் மணல் நிறமே, தடத்துக்குள் பதுங்கினால் அதற்கு எமன். இரவில் கடலுக்குப் போகும் ஆமைக்குஞ்சுக்கோ தடத்தின் கரை ஏறமுடியாத சுவர்.

"தார்ச்சாலை வருமுன் எங்கள் தாத்தாக்களுக்குக் கடற்கரைதானே சாலை" என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். உண்மைதான். அன்று ஓடியவை உள்ளூர் வண்டிகள் சில. 1963இல் இந்தத் தீவுக்குப் பானர் பாலம் வந்தபின் ஊர் உலகமே வந்து இறங்குகிறது. பொதுநிலத்தில் வண்டிக்குத் தனிப்பாதை குறிக்கச் சொல்லி அதிபர் நிக்சன் ஆணையிட்டது 1972இல். இந்தக் கடற்கரைக்கு முழு விதி வந்ததோ 2012இல், அதுவும் வழக்குப் போட்ட பிறகு. (நம் தாலுகா ஆபீசை இனி யாரும் பழிக்க வேண்டாம்.) இத்தனை வருஷம் கேட்பாரில்லாமல் ஓட்டியவர்களுக்குச் சலுகையே உரிமையாகத் தெரிவதில் வியப்பில்லை. விதியால் உள்ளூர்க்காரர்களின் பிழைப்பு போகும் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் 2012 விதி 28 மைலை ஆண்டு முழுவதும் வண்டிக்குத் திறந்துவிட்டது. வண்டியே நுழையாத 26 மைலை நடப்பவருக்கும் பறவைக்கும் விட்டதில் என்ன அநியாயம்? பெரிய மீன் இரவில்தான் கடிக்கும் என்பது கடைசி வாதம். கோடையில் இரவு 9 மணிக்குமேல் தடை வண்டிக்குத்தான், தூண்டிலுக்கு இல்லை. கழியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகட்டும்.

அத்தைக்கு என் வணக்கம்.