போர்டிகோவில் ஒரு பெயிண்ட் ஷாப்

கேள்வி: அப்பா ஓட்டிய அம்பாசடர் வீட்டில் சும்மா நிற்கிறது. நானே பெயிண்ட் அடித்து, வருகிற ஆயுத பூஜைக்கு வெளியே எடுக்க ஆசை. இது ஆவணி மாதம். முடியுமா?
– ஒரு மகன், மயிலாடுதுறை

பதில்: பெயிண்ட் அடிப்பது இரண்டு நாள் வேலை. அதற்கு முன்னால் பம்பர், பீடிங், கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும். துருவைச் சுரண்ட வேண்டும், டிங்கரிங், பட்டி, தேய்ப்பு, பிரைமர், மறுபடி தேய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவர் என்றால் அடுத்த ஆயுத பூஜையைச் சொல்லுங்கள், யோசிக்கலாம். அதோடு ஐப்பசி மழை பெயிண்டுக்குப் பரம எதிரி. மாசி, பங்குனியில் ஈரம் குறைவு, வெயிலும் மண்டையைப் பிளக்காது. கடைசி கோட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் சந்தனம், குங்குமத்தோடு நிறுத்துங்கள். பழைய பெயிண்ட் மேலும் அது நன்றாகவே ஒட்டும்.

கேள்வி: நீங்கள் இதைச் சொல்வதற்குள் நான் மழை நாளில் என்.சி. பெயிண்ட் அடித்துவிட்டேன். கறுப்பு ஃபியட் இப்போது விபூதி பூசிய மாதிரி நிற்கிறது.
– பெசன்ட் நகர்வாசி

பதில்: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, மழை நாள், கடைக்காரர் கொடுத்த 'சீக்கிரம் காயும்' தின்னர். மூன்றும் சேர்ந்தால் சைவம்தான். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தகடு சில்லென்று ஆனதும் காற்றிலுள்ள ஈரம் பெயிண்ட் மேல் படிந்து மாட்டிக்கொள்ளும். அந்த வெண்மை அதுதான்.

அழாதீர்கள், என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெரிய குணம் மன்னிப்பு. காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் இளகும். நல்ல வெயில் நாளில், காலை பத்து மணிக்கு மேல், மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரை லேசாகப் பனி போல் ஒரு கை அடியுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறும். பெரும்பாலும் கறுப்பு திரும்பி வந்துவிடும். அடிக்கும் முன் கம்ப்ரசர் டாங்கிக்கு அடியில் உள்ள குழாயைத் திறந்து பாருங்கள். அதிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்தால், இதுவரை எதை அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும். ஹோஸில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் ஒன்றும் மாட்டுங்கள்.

கேள்வி: என்.சி. பழைய காலத்துச் சரக்கு, 2கே அடி, கண்ணாடி மாதிரி மின்னும் என்கிறார் நண்பர். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதுமாம்.
– கோவைக்காரர்

பதில்: நண்பர் சொன்னதில் பாதி சரி. மின்னும். வெயில், பெட்ரோல் எதற்கும் அசையாது. மீதிப் பாதியில் உங்கள் நுரையீரல் இருக்கிறது.

2கே என்றால் பெயிண்டோடு ஹார்டனர் கலப்பது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத துளியாக மூச்சில் போகும். சிலருக்கு உடம்பு அதை ஒருமுறை 'எதிரி' என்று குறித்துக்கொண்டால் போதும், பிறகு துளியூண்டு பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். இது திரும்பிப் போகிற கணக்கு கிடையாது. வாசனை வந்தால் ஓடிவிடலாம் என்றும் இருக்க முடியாது, ஆபத்தான அளவிலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். கைக்குட்டை கொள்ளைக்காரர்களுக்குச் சரி. இதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். அது இல்லையா? பட்டி, பிரைமர், தேய்ப்பு வரை வீட்டில் பாருங்கள். கடைசி இரண்டு கோட்டை ஸ்ப்ரே பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். முக்கால்வாசி வேலை உங்கள் கையால் நடந்ததாகத்தான் ஊரில் சொல்லிக்கொள்வீர்கள், ஆட்சேபணை இல்லை.

கேள்வி: அவர் போர்டிகோவில் பெயிண்ட் அடிக்கிறார். நான் பூஜை அறையில் விளக்கேற்றுகிறேன். இதில் யார் நிறுத்த வேண்டும்?
– ஒரு மனைவி, தஞ்சாவூர்

பதில்: அவர். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து வாசற்படி தாண்டி உள்ளே வரும். விளக்கு, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் சுவிட்சின் சின்னப் பொறி எதுவும் அதற்குப் போதும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து ஆவியை வெளியே தள்ளுகிறேன் என்பார். அந்த மோட்டாரும் பொறி விடும். தேய்த்துக் குவித்த என்.சி. தூளும் எளிதில் பற்றும், அன்றன்றே ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரஷ்ஷால் அடித்தால் அசிங்கமா?
– ஸ்ப்ரே கன் வாங்க வசதியில்லாதவர், திண்டுக்கல்

பதில்: 1920-களின் தொடக்கம் வரை உலகத்துக் கார்களில் பலவும் பிரஷ் வார்னிஷ்தான். எல்லாக் கோட்டும் அடித்துக் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ், டூபாண்ட் தயாரித்த டூகோ லாக்கரை ஓக்லாண்ட் காருக்கு ஸ்ப்ரே செய்து இறக்கியது. காய்கிற நேரம் மணிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. நம்மூர் மரக்கடையில் இன்றும் 'டூகோ' என்கிறார்களே, அதே பரம்பரை. நீங்கள் சிந்தெடிக் எனாமல் வாங்கி, நல்ல பிரஷ்ஷால் மெல்லிசாக இழுத்து, நன்றாகக் காயவிட்டு வாட்டர் பேப்பரால் சமன் செய்யலாம். பத்தடி தூரத்தில் பிரமாதமாக இருக்கும். நண்பர்களைப் பத்தடியிலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். சரியான இடம் இல்லை, ஒரு ஷெட் மட்டும் இருக்கிறது.
– வண்டலூர்

பதில்: பிறந்த தொழிற்சாலை இருந்த ஊருக்கே வந்திருக்கிறது, வாழ்த்துகள். வீட்டில் பெயிண்ட் அடிக்க இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது. தனி சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டுக் கோத்திருக்கிறார்கள். மட்கார்டோடு சேர்ந்த அந்தப் பெரிய பானெட் முழுசாகக் கழன்று வரும். துண்டு துண்டாக ஸ்டாண்டில் மாட்டி அடியுங்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே கலவை டப்பா, ஒரே தின்னர், கன்னுக்கும் தகட்டுக்கும் ஒரே சாண் தூரம். இல்லையென்றால் கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். பழைய நிறம் எது என்று தேட டாஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கி பாயைத் தூக்கியும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும்.

கேள்வி: வாங்கப்போகிற பத்மினி பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?
– திருச்சி

பதில்: ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் வையுங்கள். ஒட்டாத இடத்தில் நீங்கள் வாங்கப்போவது பட்டி.

கேள்வி: கடைசி கோட் ஈரமாக இருக்கும்போது பானெட் நடுவில் ஒரு கொசு.
– மனமுடைந்தவர், மதுரை

பதில்: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நோண்டினால் கொசு அளவு பள்ளம் கை அளவு ஆகும். நன்றாகக் காய்ந்த பிறகு 1500, அப்புறம் 2000 வாட்டர் பேப்பர், பாலிஷ். கால்கள் மட்டும் உள்ளே தங்கலாம்.

கேள்வி: என் பழைய ஜீப்புக்கு ராணுவப் பச்சை அடிக்க ஆசை. பெயிண்ட் வாங்கியாயிற்று.
– வேலூர்

பதில்: முதலில் கேட்டிருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள நிறத்தை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அதுகூடச் சமாளிக்கலாம். ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. அந்த டப்பாவைக் கொல்லைப்புற கேட்டுக்கு அடியுங்கள். கேட்டுக்கு விதி கிடையாது.