பாக்கெட்டின் முதுகில் எழுதியவருக்கு

விடுநர்: உத்திரமேரூர்க்காரன், காஞ்சிபுரம் மாவட்டம்.
பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கோட்லா சாலை, புது டெல்லி.
பொருள்: 250 கிராம் பார்பிக்யூ பன்றிக்கறியைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டி.

ஐயா,

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். அதே ஊர்தான். குடவோலை ஊர்.

என் தங்கச்சி மகனுக்கு ஒரகடம் பக்கம் வேலை. அந்த வட்டாரத்தில் கொரியாக்காரர்கள் வந்து குடியேறியதிலிருந்து பன்றிக்கறிக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. முன்பு அந்தப் பேரைச் சொல்லும்முன் தெருவைத் திரும்பிப் பார்த்தவர்கள், இப்போது 'போர்க்' என்று வாய்நிறையச் சொல்கிறார்கள். போன மாதம் அவன் ஐஸ் வழியும் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். "பார்பிக்யூ மாமா. சூடு பண்ணா போதும்." என் வீட்டுக்காரி கேட்டாள்: "இதுல என்னடா போட்டிருக்கான்?" அவன் சொன்னான்: "பின்னாடி எழுதியிருக்கு அத்தை."

அங்கே ஆரம்பித்தது ஐயா, என் துன்பம்.

எழுதியிருப்பது உண்மைதான். கடுகைப் பக்கத்தில் வைத்தால் கடுகு பூசணிக்காயாகத் தெரியும், அவ்வளவு பெரிய எழுத்து. போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். டாக்டர் காட்டிய பலகையில் கடைசி வரிவரை படித்தவன் நான். தங்கள் பாக்கெட்டில் முதல் வரியே தாண்டவில்லை. பேரன் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினான். எழுத்து பெரிதாயிற்று, மொழி இங்கிலீஷாகவே இருந்தது. விசாரித்தேன். தங்கள் 2020ஆம் ஆண்டு விதிப்படி லேபிள் ஆங்கிலத்தில் இருக்கலாம், இல்லையென்றால் தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கலாம். வேறு மொழி சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. தடையில்லை என்பதற்காக யார்தான் மை செலவழிப்பார்கள்?

பேரன் படிக்கப் படிக்கப் புரிந்ததைச் சொல்கிறேன். உள்ளே பன்றி இருக்கிறது. கூடவே 250, 451, 621 என்று மூன்று எண்கள் குடியிருக்கின்றன. 250 என்பது சோடியம் நைட்ரைட்டாம். கறி கெடாமலும் சிவப்பு மாறாமலும் பார்த்துக்கொள்ளும் காவல்காரர். 451 தண்ணீரைக் கறிக்குள்ளேயே பிடித்து வைக்கும். அதாவது தண்ணீரையும் நான் கறி விலைக்கு வாங்கியிருக்கிறேன். பால்காரர் செய்தால் அதற்குப் பெயர் வேறு. 621 நாக்குக்கு லஞ்சம். பெயர் போட வேண்டாம், எண் போட்டால் போதும் என்று அனுமதித்த தங்கள் பெருந்தன்மையை நினைத்துக்கொள்கிறேன். ஜெயிலில்தான் ஆளை எண்ணால் கூப்பிடுவார்கள் என்று இதுவரை எண்ணியிருந்தேன். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது, தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. பாக்கெட்டில் இடநெருக்கடி. அதற்கு இடமில்லை. 'ஸ்மோக்கி ஃபிளேவர்' என்று கொட்டை எழுத்தில் போட மட்டும் முன்பக்கத்தில் இடமிருந்தது.

அடுத்தது உப்பு. சந்தையில் வெட்டித் தரும் பச்சைப் பன்றிக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 60 மில்லிகிராம் சோடியம். இந்த மாதிரிப் பாக்கெட் கறியில் 700, 800 என்பது சாதாரணம். என் வீட்டுக்காரி வறுவலுக்குக் கல்லுப்பு அள்ளும்போது நான் பார்க்கிறேன், சண்டை போட முடிகிறது. பாக்கெட்டோடு எப்படிச் சண்டை போடுவது? அது உப்பு என்றுகூடச் சொல்லவில்லை, சோடியம் என்கிறது. இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு வரும். இந்தக் கணக்கு எங்கள் ஊர் மளிகைக்கடையில் யாருக்கும் தெரியாது, ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கும் தெரியாது.

அப்புறம் 'ஒரு பரிமாறல்: 30 கிராம்'. ஐயா, 30 கிராம் கறியை எங்கள் வீட்டில் பரிமாறினால் அதை உப்புப் பார்ப்பது என்போம்.

அதற்கும் பக்கத்தில், ஒரு நாளைக்கு 2000 கலோரி, 2000 மில்லிகிராம் சோடியம் தேவைப்படும் சராசரி மனிதர் ஒருவரை வைத்துச் சதவீதம் போட்டிருக்கிறீர்கள். அவரை உத்திரமேரூரில் தேடினேன். தங்கள் சகோதர நிறுவனம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் போட்ட கணக்கில், கடும் உழைப்பு உழைக்கும் பெண்ணுக்கு 2720, ஆணுக்கு 3470. உட்கார்ந்தே இருக்கும் பெண்ணுக்கு 1660. ஏரிக்கரையில் நாற்று நடும் அக்காவும் அவர் இல்லை, டிவி முன்னால் உட்கார்ந்த என் மச்சினியும் அவர் இல்லை. அவர் டெல்லியில் இருப்பார் போலும். நலமாக இருக்கட்டும்.

எங்கள் ஊர்ச் சபை மண்டபத்தை ஒருமுறை வந்து பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், யார் வாரியத்தில் உட்காரலாம், யார் கூடாது என்பதைச் சுவர் முழுக்க வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவன் உறவுக்காரனும் கூடாது. அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கால் வேலிக்கு மேல் நிலமும் வேதப் படிப்பும் கேட்ட சபை அது. எங்கள் பாட்டன் வாசலில்கூட நின்றிருக்க மாட்டான். உண்ணத்தகாததை உண்டவன் பிராயச்சித்தம் செய்தாலும் ஆயுசுக்கும் தகுதியில்லை என்று அறிஞர்கள் பொருள் சொல்லும் ஒரு விதியும் அதில் உண்டு. பன்றிப் பாக்கெட்டோடு நான் போனால் கதை முடிந்தது. ஆனாலும் எழுத்தைக் கல்லில், கண்ணுக்குத் தெரியும்படி வெட்டினார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். வாரியத்துக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போடுவார்கள். விவரமறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்கப் படிப்பான். பிறகு மண்டபத்தில் இருக்கும் பூசாரிகளான நம்பிமார் எல்லாரும் அதையே திரும்பப் படிப்பார்கள். கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு இத்தனை ஏற்பாடு.

எனவே என் விண்ணப்பம்: கடைக்காரர் பாக்கெட்டை விரித்த உள்ளங்கையில் வாங்கட்டும். "சோடியம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, நைட்ரைட் உண்டு" என்று உரக்கப் படிக்கட்டும். கடையில் நிற்பவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்லட்டும். வியாபாரம் படுத்துவிடும் என்று கம்பெனிகள் தங்களிடம் முறையிடும். அந்த முறையீட்டை மட்டும் தாங்கள் உடனே படித்துவிடுவீர்கள்.

ஏனென்றால் உப்பையும் சர்க்கரையையும் முன்பக்கத்தில் எழுதச் சொல்லி நாங்கள் கேட்டதற்குத் தாங்கள் 2022 செப்டம்பரில் தந்தது நட்சத்திரம். அரை முதல் ஐந்துவரை. அதில் கறியில் புரதம் இருக்கிறதே என்று உப்பின் பாவத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வழியும் வைத்தீர்கள். அந்த வரைவுக்கு 14 ஆயிரத்துக்கு மேல் கருத்துகள் வந்து குவிந்தன. முன்பக்க லேபிள் பற்றிப் பரிந்துரை தர 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு வைத்தது. அது முடிந்ததும் கெடு இன்னொரு மூன்று மாதம் நீண்டது. பாக்கெட்டில் இருப்பதுபோலவே கெடுவிலும் காலாவதித் தேதி படிக்க முடியாத எழுத்தில் இருக்கும்போல.

பாக்கெட் இன்னும் ஃபிரீசரில்தான் கிடக்கிறது. தங்கள் பதில் வந்ததும் பிரிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று வேண்டாம், முழுசாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சராசரி மனிதர் அல்லாத ஒருவன்.